ஊறாத சுண்டுவிரல்

ஜூலை 15, செவ்வாய். ஸ்ரீரங்கம்.

தென்னூர்க் கண்ணாடிக் கடையில் மணிக்கட்டு கிழிந்ததிலிருந்து சுண்டுவிரலில் உணர்ச்சியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலாளி நம்பவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்கு அவரும் கூடவே வந்தார்.

"நல்லா பாருங்க டாக்டர். தம்பி சினிமாவுக்குப் போகவேண்டிய ஆளு."

டாக்டரம்மா என் இடது கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வெகுநேரம் ஊறவைத்தார். மற்ற விரல்களெல்லாம் சுருங்கின. சுண்டுவிரல் மட்டும் வழவழவென்றே இருந்தது. நரம்பு அறுந்த விரல் ஊறினாலும் சுருங்காதாம். யாரோ எப்போதோ கவனித்தது, பிறகு சோதனையாகிவிட்டது.

"பதில் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைங்களுக்கு இதைத்தான் பண்ணுவோம். இதுல நடிக்க முடியாதுங்க" என்றார்.

முதலாளி விரலைத் தடவிப் பார்த்தார். "அட, நிஜந்தான்!"

எனக்கு வாய் இருக்கிறது. இத்தனை நாள் அந்த வாயால்தான் சொன்னேன். கூலிக்காரன் சொன்னால் பொய், அவன் தோல் சொன்னால் நிஜம்.

ஆபரேஷன் செய்தாலும் விரல் பழையபடி ஆகுமா என்பது சந்தேகம்தானாம். கண்ணாடியைப் பிடிக்க முடியாதவனைக் கடையில் வைத்துக்கொள்வாரா? கேட்க வாய் வரவில்லை.

சற்றுமுன் வையம்பட்டியிலிருந்து அம்மா போன் பண்ணினாள்.

"கை எப்படிடா இருக்கு?"

"சரியாயிடுச்சும்மா."

உடனே நம்பிவிட்டாள்.