பத்து எண்ணியவன்

நவம்பர் 7, 1993, ஞாயிறு

எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. போதும். யாரிடமும் சொல்லத் துணிவில்லாததால் முதலில் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் மாதம் எங்கள் மாதிரி விமானச் சங்கம் நடத்திய சிறுவர் போட்டி, விச்சிட்டாவில் ஒரு பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில். முழுக்கக் காகிதத்தில் செய்த விமானங்கள், ரப்பர் முறுக்கில் பறப்பவை. அதிக நேரம் காற்றில் நிற்பது வெல்லும். வென்றவர் டென்னசியில் தேசியப் போட்டிக்குப் போகலாம். நேரம் பார்த்தவர்கள் இரண்டு பேர். பறக்கும் நேரம் கிழவர் ஆர்லோ பிட்மன் கையில். இன்னொரு கடிகாரம் என் கையில். விமானம் கூரை உத்தரத்தில் மாட்டிக்கொண்டால் நான் பத்து விநாடி எண்ண வேண்டும். அதற்குள் விடுபட்டால் நேரம் தொடரும். இல்லாவிட்டால் மாட்டிய கணத்தோடு ஆட்டம் முடிந்தது.

ஜனெல் ஹாஸ்கலின் விமானம் மாட்டியது. பதின்மூன்று வயதுப் பெண். எல்லார் கண்ணும் கூரையில்; எண்ணுவது எங்கள் இருவரில் யார் என்று யாரும் பார்க்கவில்லை. நான் எண்ணி, "பத்து" என்றேன். அந்த நொடியே அது நழுவி விடுபட்டு, இன்னும் அரை நிமிடம் வட்டமடித்து இறங்கியது. பத்து என்றபோதே நிறுத்தியிருந்த என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு புள்ளி ஆறு. பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டேன்.

"எட்டு கூட ஆகல! நானும் எண்ணினேன்!" என்று கத்தினாள்.

அவள் அப்பா வெர்ன் அவள் தோளைப் பிடித்தான். "நேரம் பாக்குறவங்க சொன்னா சொன்னதுதான். வாம்மா."

எங்கள் கூடத்தில் கடிகாரக்காரரோடு யாரும் வாதாடுவதில்லை. அவளுக்கு இரண்டாம் இடம். பதற்றத்தில் வேகமாக எண்ணிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன்.

நவம்பர் 8

இல்லை. வேண்டுமென்றேதான்.

நவம்பர் 10

வெர்னுக்குக் காற்றுச் சுரங்கக் கணக்குகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். விமானத் தொழிற்சாலையில் என்னைவிட ஆறு வருடம் இளையவன். தொண்ணூற்றொன்றில் ஆட்குறைப்புப் பட்டியலை வாசித்தவன் அவன். பதினேழாவது பெயர் என்னுடையது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது நான் கல்லூரி மாலை வகுப்பில் பின்னங்கள் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் அன்று என்னைக் குத்தியது அந்தப் பட்டியல் அல்ல. போட்டி தொடங்குமுன் அவன் சிரித்துக்கொண்டே சொன்னது. "இந்தக் குளிர்காலம் பூரா எங்க வீட்ல கோட்டு போட்டுக்கிட்டுதான் சாப்பாடு. ஹீட்டர் காத்துல விமானம் ஆடுதாம், மகாராணி அணைக்கச் சொல்லிட்டாங்க. அவ அம்மா பின்னல் ஊசியக் கூட விட்டு வைக்கல, காகிதக் குழல் உருட்டணுமாம்!"

ஜனவரியில், கான்சாஸில், ஒரு குடும்பமே ஒரு பெண்ணின் காகிதத்துக்காக நடுங்கிக்கொண்டு சூப் குடித்திருக்கிறது. என் வீட்டில் எனக்காக யாரும் ஒரு ஜன்னலைக்கூடச் சாத்தியதில்லை. இதைப் போய் ஒரு குழந்தையிடம் தீர்த்துக்கொள்வேனா? தீர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 13, சனி

கடையில், நன்றி நவிலல் நாள் விருந்துக்கு வான்கோழி வாங்கும் வரிசையில் பின்னால் வெர்ன்.

"யோவ் ராய்ஸ்! ஒத்த ஆளுக்கு இவ்வளவு பெரிய பறவையா? பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு."

ஜனெல் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"எல்லாத்தையும் பெட்டியில போட்டு கராஜுல வெச்சுட்டா. மார்ச்லேருந்து ஒரு தாள் தொடல. எட்டு ஆகலன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா. நான் ஒருநாள் பொறுக்காம, தோத்தா தோத்தேன்னு சொல்லு, பொய் சொல்லாதேன்னு அதட்டிட்டேன்." தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தேய்த்தான். "அதுக்கப்புறம் என்கிட்ட சரியாவே பேசறதில்லய்யா. ஹீட்டரு இப்ப நல்லா ஓடுது."

அவனை வெறுக்க எனக்கு இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது. வரிசையில் நின்ற அந்தப் பத்து நிமிடம் அது உதவவில்லை.

நவம்பர் 14

வெர்னுக்குக் கடிதம். மூன்று பக்கம் எழுதியபின் வாசித்தால், இரண்டரைப் பக்கம் ஆட்குறைப்பு. கிழித்தேன்.

நவம்பர் 18

ஆர்லோ வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டு வயது, காபியை எனக்கு இரண்டு முறை ஊற்றினார். போட்டி அட்டையில் எங்கள் இருவர் கையெழுத்தும் உண்டு, யார் எண்ணியது என்று அதில் இல்லை. அவருக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். வேறு எதற்கு?

"அந்த ஹாஸ்கல் பொண்ணு அழுதுச்சே, மனசே ஆறல தம்பி. அன்னிக்குப் பத்து எண்ணினது யாரு, நீயா நானா?"

"எனக்கும் சரியா ஞாபகமில்ல."

"நானாத்தான் இருக்கும். வயசாச்சு, விரலும் நடுங்குது. இனிமே கடிகாரத்தத் தொடக் கூடாது."

அவர் அப்படியே நம்பட்டும் என்று விட்டுவிட்டு அவருடைய சமையலறையிலிருந்து எழுந்து வந்தேன். சீ.

நவம்பர் 19

தூக்கமில்லை. வேறு எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 21, ஞாயிறு

இன்று ஐந்தே வரியில் முடிந்தது. ஜனெல் பெயருக்கே எழுதினேன்.

நீ சொன்னது உண்மை. ஏழு புள்ளி ஆறு விநாடி. தவறாக எண்ணியது தெரிந்தே செய்தது. உன் விமானத்தில் ஒரு குறையும் இல்லை. இதை உன் அப்பாவும் வாசிக்கட்டும்.

அடியில் பெயர் எழுத இரண்டு முறை பேனாவை வைத்தேன். முடியவில்லை. வெர்ன் நிமிர்ந்து பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான் காரணம். அதை வேறு எந்தப் பெயராலும் அழைக்க வேண்டாம்.

உறையை ஒட்டிவிட்டு, காபி ஊற்றிய ஆர்லோவின் கையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உறையைப் பிரித்தேன். ஐந்தாவது வரிக்குக் கீழே இன்னொன்று: 'எண்ணியவர் ஆர்லோ பிட்மன் அல்ல.'

கையெழுத்து இல்லாமலேதான் நாளைக் காலை தபாலில் போடப் போகிறேன்.