வயிற்றிலேயே தொடங்கிய பயம்

3 ஜூன் 2024
வகுப்புக்குள் நுழையும் முன் இன்றும் கதவோரம் நின்று பத்து எண்ணினேன். எட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன், இன்னும் என்ன பயம்? வீட்டுக்கு வந்ததும் இரண்டு மிடறு சாராயம் — என் கணவர் தர்ஷன் கொழும்பு வேலைக்குத் திரும்பும்போது விட்டுப்போன போத்தல். உடனே நெஞ்சு அடங்கியது. அப்படி அடங்குவதுதான் பயமாக இருக்கிறது. வயிற்றில் ஐந்து மாதம்.

6 ஜூன்
பொகவந்தலாவை டவுனில் கர்ப்பிணி கிளினிக். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பொதுவாக டாக்டர் பேசினார். பயத்தையும் ஆசையையும் நடத்தும் மூளை இரசாயனங்கள் கருவிலேயே வேலையைத் தொடங்கிவிடுமாம். அப்போது தாய் குடித்தால் அந்த ஒழுங்கு குலையலாம். பிள்ளை வளர்ந்த பிறகு பதற்றமும் குடிமேல் இழுப்பும் கூடலாம்.
"கூடலாம்னுதான் சொல்றேன். கட்டாயம் வரும்னு இல்ல."
எனக்கு முதல் பாதிதான் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

7 ஜூன்
என் பிள்ளைக்கு என்ன செய்துவிட்டேன்? எனக்கு யார் செய்தது?

9 ஜூன்
அம்மா இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் இருந்தாள்.
"நான் வயித்துல இருக்கறப்ப குடிச்சியாம்மா?"
விறகை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு சொன்னாள்: "மழையில கொழுந்து எடுத்துட்டு வெடவெடன்னு வருவேன். ஒங்கப்பா ஒரு கெளாஸ் ஊத்திக் குடுப்பாரு. கூடாதுன்னு அப்ப யாரு சொன்னா?"
"எது வரைக்கும்?"
"நீ பொறக்குற வரைக்கும், கிருஷாந்தி."
கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே மூன்று நாளைக்கு முன்புதானே தெரியும். தெரிந்தும் நேற்று குடித்தேனே! அதையும் சொல்லிவிட்டேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

10 ஜூன்
அம்மா என்னோடு தங்கத் துணிப்பையோடு வந்துவிட்டாள். போத்தலில் இருந்த மிச்சத்தை நானே கொட்டினேன்.

14 ஜூன்
குடிக்கவில்லை. பயம் அப்படியே இருக்கிறது. குடிக்கவில்லை.

20 ஜூன்
டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. பதற்றத்துக்கு ஆலோசகரைப் பார்க்கத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "குடும்பத்துல வேற யாராவது குடிப்பாங்களா?"
கையிலிருந்த சீட்டை மடித்தேன். அம்மாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது?
என்னோடு வந்து கதவோரம் நின்ற அம்மா உள்ளே வந்தாள்.
"நான் குடிச்சேன் டாக்டரம்மா. இவ வயித்துல இருக்கறப்ப. எழுதிக்கங்க."
வெளியே வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.