பதினொரு கத்திரிகள்

மார்ச் 4
இடக்கைக்காரர்களுக்கான பொருள் மட்டும் விற்கும் என் இணையக் கடைக்கு இன்றோடு எட்டு மாதம். முதலாளி, பொட்டலம் கட்டுபவள், திட்டு வாங்குபவள் எல்லாம் நானே. நானும் இடக்கைதான். "கடைன்னா ஒரு ஷட்டராவது வேணாமா?" என்கிறான் அண்ணன்.

மார்ச் 8
புதிதாகப் பிடித்த தயாரிப்பாளரிடமிருந்து நாற்பது தையல் கத்திரி வந்திறங்கியது. கூரியர்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்த, ஆர்டர் வந்திருந்த பதினொன்றை வெட்டிப் பார்க்காமல் அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 12
தையல்கார அம்மா ஒருவர் போன் செய்தார். "கைப்பிடிய மட்டும் திருப்பி வச்சா இடக்கைக் கத்திரி ஆயிடுமாம்மா? துணிய வெட்டாம மடிக்குது."
பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தேன். மடிந்தது. இடப்பக்க அலகு மேலே இருக்க வேண்டும், கீழே இருக்கிறது. ஐயோ. எனக்கே இது தெரியாமல் போச்சே! இல்லை, தெரியும். பார்க்கத்தான் இல்லை.

மார்ச் 13
"பதினோரு பேர்ல ஒருத்தர்தானே கேட்டாங்க? வாயத் திறக்காம இரு" என்றான் அண்ணன். எப்படி இருப்பது?
விற்பனையை நிறுத்தினேன். பதினொரு பேருக்கும் நானே போன் போட்டேன். இருவர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். ஒரு பெண் மட்டும் அலகு விஷயத்தை முழுவதும் கேட்டாள். பிறகு, "என் கைதான் சரியில்லன்னு நெனச்சேங்க" என்றாள்.
பள்ளிக்கூடத்தில் நானும் இதையேதானே நினைத்தேன்!

மார்ச் 19
ஒரு ஆர்டரும் இல்லை.

ஏப்ரல் 3
சரியான கத்திரி செய்பவரைக் கண்டுபிடித்துவிட்டேன். வந்த ஒவ்வொன்றாலும் பழைய போர்வையை வெட்டிப் பார்த்தேன். வீடு முழுக்கத் துணிக் கீற்று. இரண்டைத் திருப்பி அனுப்பினேன். பதினொரு பேருக்கும் புதிது போய்விட்டது. கடையின் முகப்புப் பக்கத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதிப் போட்டேன்.

ஏப்ரல் 9
அந்தப் பெண் படம் அனுப்பியிருக்கிறாள். நூல் பிடித்தாற்போல் நேராக வெட்டிய துணி. நாள் முழுக்கத் தலை நிமிர்ந்தே நடந்தேன், வீட்டுக்குள்தான்.

ஏப்ரல் 26
தையல்கார அம்மா மறுபடி பேசினார். அவரிடம் தையல் கற்க வருகிறவர்களில் மூன்று பேர் இடக்கையாம். ஆளுக்கு ஒரு கத்திரி கேட்டார்.
"ஒரு பொண்ணு வலக்கையால வெட்டப் பழகிட்டு இருந்தா. அதெல்லாம் வேணாம், நிறுத்துன்னு சொல்லிட்டேன்."
போனை வைத்துவிட்டு எழுந்து, மூன்று கத்திரிகளை எடுத்து வைத்தேன்.