எங்களுக்குத்தானே சொன்னீங்க?

சார்,

இன்று காலை எங்கள் குடியிருப்பு வாசலில் காவலாளிகள் இருவர் ஒரே நேரத்தில் வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்திவிட்டார்கள். கிரீச்சென்று ஒரு சத்தம். அஸ்தினாபுரத்தில் வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் காலமான பிறகு வருகிற முதல் மழைக்காலம் இது.

உங்கள் முகத்தைப் பார்ப்பதற்குப் பல வருடங்கள் முன்பே எனக்கு உங்கள் குரல் தெரியும். எண்பதுகளின் கடைசி. நான் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து, விமான நிலையத்தின் இருட்டறையில் ரேடார் திரைக்கு முன் உட்காருவேன். நீங்கள் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு வருவீர்கள். திரையில் விமானங்கள் வெறும் புள்ளிகள். எது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது நாம் வாயால் சொல்லிக்கொண்டால்தான் தெரியும். நான் சொல்வேன், நீங்கள் அதைத் திருப்பிச் சொல்வீர்கள். அதை நம்பித்தான் அத்தனை பேரும் மேலே நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு உங்கள் விமானத்தின் எண் ஃபைவ் த்ரீ ஃபைவ். அதே கம்பெனியின் இன்னொரு விமானம், பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தது, ஃபைவ் ஃபைவ் த்ரீ. ஐப்பசி மேகம் கரையோரம் முழுக்கக் கவிந்திருந்தது. நீங்கள் கோவளம் பக்கம் எட்டாயிரம் அடியில். உங்களுக்குக் கீழே ஆறாயிரத்தில் ஒரு சின்ன விமானம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. நான் பெங்களூர் விமானத்தை நாலாயிரத்துக்கு இறங்கச் சொன்னேன். அது உங்களுக்குச் சொன்னது என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இருவரும் ஒன்றாகப் பொத்தானை அழுத்திப் பதில் சொன்னீர்கள். எனக்குக் கேட்டது அந்தக் கிரீச்சும், அதன் கடைசியில் பெங்களூர் விமானியின் குரலும்தான். அவர் சரியாகவே திருப்பிச் சொன்னார். உங்கள் குரல் வந்து சேரவே இல்லை. நீங்கள் இறங்கத் தொடங்கியதும் எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில், ஆங்கிலம் மட்டுமே பேசுகிற அந்த அலைவரிசையில் தமிழ் கேட்டது.

"மேடம், ஒரு சின்ன ஃப்ளைட் எங்க மூக்குக்கு முன்னால போச்சு. எறங்கச் சொன்னது எங்களுக்குத்தானே சொன்னீங்க?"

"இல்ல சார்," என்றேன், நானும் தமிழில். "உங்களுக்கு இல்ல."

  பிறகு இருவரும் ஆங்கிலத்துக்குத் திரும்பி, எல்லோரையும் பத்திரமாகத் தரையிறக்கினோம்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உங்களை முதல்முறை பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். உங்கள் கம்பெனி ஆட்கள் உங்களைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார்கள். பெண் குரல், வேகமாகப் பேசினாள், எண் தெளிவாக இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. என் வேலை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

உள்ளே டேப்பைப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கிரீச்சும் வந்தது. குரல் தெளிவாக இருந்ததா என்று உங்களைக் கேட்டார்கள்.

"தெளிவா இருந்துது சார். அவங்க ஃபைவ் ஃபைவ் த்ரீன்னுதான் சொன்னாங்க. எப்படா எறங்கச் சொல்வாங்கன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். அதனால எனக்கு என் நம்பராவே கேட்டுது."

எதிரே இருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். அடுத்து என்னைக் கேட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு பதில் இருந்தது யார் காதுக்கும் எட்டியிருக்காது என்றேன். ஒரே வானத்தில் இப்படி இரண்டு எண்களை விட்டால் நாளைக்கும் நடக்கும் என்றேன். எண்ணை மாற்றினார்கள். உங்களைச் சில மாதம் பறக்கவிடாமல் தரையில் உட்கார வைத்தார்கள்; பிறகு உங்களைவிட இளையவர்களுக்குப் பக்கத்தில் துணை விமானியாக.

எனக்கு மைக்கைத் தொடவே பயமாக இருந்தது. "இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? வுட்டுட்டு வூட்டோட இரு," என்றார் மாமியார். மேசை வேலைக்கு மாற்றல் கேட்கலாம் என்று முடிவு செய்த வாரம், நீங்களும் உங்கள் மனைவியும் குரோம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். காபியை ஆற்றிக்கொண்டே, "அடுத்த மாசம் மறுபடி கேப்டன் சீட்டு குடுக்கறாங்க. அன்னிக்குக் கீழ நீங்க இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்," என்றீர்கள். என் பயத்தைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் இருந்தேன். முதல் உத்தரவைச் சொன்னேன். "சே அகெய்ன்," என்றீர்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பதற்கு ரேடியோவில் அப்படித்தான் சொல்வோம். மறுபடி சொன்னேன். அதன் பிறகு எத்தனை வருடம் பறந்தீர்களோ, அத்தனை வருடமும் இறங்கும்போது ஒரு தடவையாவது அப்படிக் கேட்டீர்கள். கேப்டனுக்குக் காது மந்தம் என்று எங்கள் அறையில் சிரித்தார்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு நாள் உங்களைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன். "நான் சொல்றது நிஜமாவே புரியலையா சார்?"

கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "நல்லா புரியுது மேடம். ஆனா அன்னிக்கும் நல்லா புரிஞ்ச மாதிரிதான் இருந்துது."

ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலியில்தான் இருந்தேன். இப்போதும் யாராவது பாதிப் பேச்சிலேயே "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றால் முழுதாகக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். நேற்று என் மகள் தொலைபேசியில் அழுதாள். என்ன விஷயம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. புத்திமதிகூட வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லும்மா," என்றேன். நான் நினைத்தது ஒன்று. அவள் சொன்னது முற்றிலும் வேறு.