ரோஸ்லின் அக்காவும் ஓசோன் மெஷினும்

நவ. 11, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடை மறந்தேன், பஸ் ஸ்டாண்டிலேயே தொப்பல். இரண்டாம் ஆண்டு பிசிக்ஸுக்கு, வாயுவில் எலக்ட்ரான் மோதல். வேகம் குறைந்த எலக்ட்ரான்கூட மூலக்கூறை உடைக்கும் என்றேன். பின்பெஞ்சில் ஒருத்தி: "மெதுவாப் போயி எப்படி மிஸ் ஒடைக்கும்?" தம்பி தன் இறால் கூடத்தில் வைத்திருக்கும் ஓசோன் மெஷினை உதாரணம் சொன்னேன். உள்ளே எலக்ட்ரான் மோதி ஆக்சிஜன் இரண்டாக உடையும். உடைந்த அணு இன்னொரு ஆக்சிஜனோடு ஒட்டினால் ஓசோன். மீன் வாடையைப் போக்கிவிடும். பெருமையாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் தம்பி போன். ஜெகதாப்பட்டினத்தில் அவன் கூடத்தில் இறால் பிரிக்கும் ரோஸ்லின் அக்காவுக்கு மூச்சுத்திணறல். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில்.

"குளிருதான்க்கா. நாள் முச்சூடும் ஐஸ்ல நின்னா வராதா?"

"மெஷின் ஓடுச்சாடா?"

"ஓடுச்சு. சாரல் அடிக்குதுன்னு கதவைச் சாத்திட்டு வேலை பாத்தாங்க."

வாடையை அழிக்கும் ஓசோன் நுரையீரலை மட்டும் விட்டுவிடுமா? ஆள் இருக்கும்போது போடவே கூடாது. வாங்கச் சொன்னவள் நான். இதைச் சொல்லவில்லை. தெரிந்தும், தோன்றவேயில்லை.

செவ்வாய்

தூறல். பால் திரிந்துவிட்டது. தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். மெஷினை உடனே நிறுத்திவிட்டான். ஆனால், "டாக்டர்ட்ட போயி சொல்லிறாதக்கா. எடத்தைப் பூட்டிருவாங்க. எத்தன பேரு பொழப்பு!"

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன். சீ.

புதன்

வெயில். துணி காயப்போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் முழுதும் சொன்னேன். "குளிர்னு நெனச்சு இன்னைக்கு அனுப்புறதா இருந்தோம். லேட்டாக்கூட நுரையீரல்ல நீர் கோக்கும். இங்கயே இருக்கட்டும், பாப்போம்" என்றார். தம்பிக்கும் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

ரோஸ்லின் அக்கா தூக்கத்தில். எழுப்பத் துணிவில்லை.

வியாழன்

எக்ஸ்ரேயில் பயமில்லை. அக்கா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டது. என் தப்புதான், ஆள் இருக்கையில் போடக்கூடாது என்று நான் சொல்லியிருக்கணும் என்றேன். அக்காவுக்கு இருமல். பிறகு,

"கண்ணும் தொண்டையும் எரிஞ்சுச்சு டீச்சர். மத்தவங்க அப்பப்ப வெளிய போயி நின்னாங்க. எல்லாம் படிச்ச டீச்சர் வாங்கச் சொன்ன மெஷினு, ஒண்ணும் பண்ணாதுன்னு நாந்தான் உள்ளயே இருந்தேன்."