முதல் மெஷினைத் தாண்டணும்

மார்ச் 4
மாதிரித் தேர்வில் மறுபடியும் அதே இடத்தில் கோட்டை விட்டேன். ஒரு சார்பு, x-லிருந்து 3 கழித்து வர்க்கமூலம் எடுக்கிறது. அடுத்தது, வருவதை வர்க்கப்படுத்துகிறது. இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால் வெறும் x − 3. அதில் எந்த எண்ணையும் போடலாமே? மதிப்பகம், அதாவது உள்ளே போடக்கூடிய எண்கள், எல்லா மெய்யெண்களும் என்று எழுதினேன். தப்பாம். ஏன்?

அடுத்த மாதப் பரீட்சையிலும் கணக்கு ஊத்திக்கொண்டால் மெக்கானிக் படிப்பில் இடம் போச்சு. ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்க வேண்டியதுதான்.

நாத்தனார் என் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டே கேட்டாள்: "யாரு அண்ணி இந்த எக்ஸ்? தினமும் உங்களை அழ வைக்கிறான்?" வாய்தான் நீளம். மாலையெல்லாம் அவள் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் நான் புத்தகத்தைத் தொடவே முடியாது. மகராசி.

மார்ச் 5
தலைவலி. படிக்கவில்லை.

மார்ச் 11
என்னோடு வேலை செய்கிற அவசரக்குடுக்கை இன்று கம்பளியைக் கொதிநீர் மெஷினில் போட்டுவிட்டாள். துண்டு அளவுக்குச் சுருங்கி வந்தது.

"கம்பளி இஸ்திரி மெஷினைத் தாங்கும்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?"

"இஸ்திரி கடைசியிலடி! முதல் மெஷினைத் தாண்டினாத்தானே அங்க வரும்?" என்று கத்தினேன். கத்தினவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நானும் இதைத்தானே செய்கிறேன்! கடைசியில் மிஞ்சும் x − 3-ஐ மட்டும் பார்க்கிறேன். 2-ஐப் போட்டால் முதல் சார்பிலேயே −1-க்கு வர்க்கமூலம் — மெய்யெண்ணில் ஏது? அங்கேயே நின்றுபோகும். 3-ம் அதற்கு மேலும்தான் உள்ளே போகலாம். மக்கு, மக்கு!

அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். திட்டிவிட்டு டீயா என்று முழித்தாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 9
பரீட்சை. அதே மாதிரிக் கணக்கு, எண்கள்தான் வேறு. முதல் மெஷினிலிருந்து ஆரம்பித்தேன்.

மே 20
பாஸ்! வீட்டுக்காரர் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார்.

கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட எடுத்தேன். நாத்தனார் பிடுங்கிக்கொண்டாள். "இருக்கட்டும் அண்ணி. படிப்பை பாதியில விட்டவ நான். நீங்க சத்தமா படிக்கிறதைக் கேட்டுக் கேட்டு... நானும் பரீட்சை எழுதிப் பாக்கட்டுமா?"

இத்தனை நாளும் கேட்டுக்கொண்டா இருந்தாள்? எனக்குத் தோணவே இல்லையே. அழுகை வந்துவிட்டது. கட்டிக்கொண்டேன்.

மே 21
பாப்பாவுக்கு இன்று நான் ஊட்டினேன். "அத்தைதான் ஊட்டணும்" என்று துப்பிவிட்டது. அத்தை படிக்கிறாள் என்றேன்.

உள்ளேயிருந்து குரல்: "அண்ணி, கொஞ்சம் வர்றீங்களா? இந்த எக்ஸ் என்னையும் அழ வைக்கிறான்."