பிளேட்லெட் மட்டும் பார்த்தவள்

என் ராசு அண்ணே,

நீ போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அண்ணிக்குக் காய்ச்சல். ரெம்பாவ் பக்கம், நீ குலை வெட்டிய அதே செம்பனைத் தோட்டத்தில்தான் அவர் இன்னமும் உதிரிப் பழம் பொறுக்குகிறார். அந்த வாரம் முழுக்க மழை. மர நிரைகளில் நின்ற தண்ணீர் பூட்ஸுக்குள் புகப் புக வேலை செய்திருக்கிறார். நான்கு நாள் மாத்திரை போட்டுச் சமாளித்துவிட்டு, ஐந்தாம் நாள் காலையில் டவுன் கிளினிக்கில் ரத்தம் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணியை உனக்குத் தெரியாதா?

ஆனால் அந்த ரத்தம் என்னிடம்தான் வந்தது. சிரம்பானில் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் அந்தக் கிளினிக் எல்லாவற்றையும் அனுப்பும். குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தேன். அடையாள அட்டை எண்ணையும் படித்தேன். அண்ணியேதான்.

முதலில் வந்தது பிளேட்லெட். அறுபத்திரண்டாயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது. கிளினிக் அனுப்பிய சீட்டில் 'டெங்கியா?' என்று எழுதியிருந்தது. அண்ணே, அந்த ஒரு வார்த்தையை நான் மறுபடி மறுபடி படித்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

சொந்தக்காரர் ரத்தம் என்று மேலாளரிடம் சொன்னேன். கூட வேலை செய்யும் மேரி மறுபடியும் எல்லாவற்றையும் ஓட்டினாள். பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் எந்திரம் குறைத்து எண்ணிவிடும். அதனால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தாள். "ஒட்டல தேவி. நெசமாவே கொறைவுதான்" என்றாள்.

அதோடு நான் நிறுத்தவில்லை. கீழே படித்தேன். வெள்ளையணுக்கள் பதினாறாயிரம். டெங்கி என்றால் அவை பெரும்பாலும் குறையத்தான் செய்யும், இங்கே ஏறியிருந்தன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இருநூற்றுப் பத்து. அண்ணி உடம்புக்கு அது தொண்ணூறைத் தாண்டக்கூடாது. சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் ஏறுவதுதான் வழக்கம். அண்ணிக்கோ இறங்கியிருந்தது. சுழற்றிப் பிரித்த குழாயைத் தூக்கிப் பார்த்தேன். மேலே நின்ற நீர் காமாலை கண்டதுபோல அடர்ந்த மஞ்சள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எத்தனையோ காரணம் சொல்லலாம். எல்லாம் சேர்ந்து ஒரே ஆளிடம், அதுவும் தோட்டத்துத் தண்ணீரில் நின்று வேலை செய்கிற ஆளிடம் இருந்தால்?

அண்ணிக்குப் போன் போட்டேன்.

"கண்ணு செவந்திருக்கா அண்ணி?"

"தூக்கம் இல்லலா. அதான் செவந்திருக்கு."

"கெண்டக்காலு வலிக்குதா?"

"மழையில வேல செஞ்ச காலு வலிக்காம என்னா செய்யும்?"

"ஒண்ணுக்குப் போனீங்களா?"

"நேத்து சாயங்காலம் போனது" என்றார்.

மேரி கிளினிக் டாக்டரைக் கூப்பிட்டாள். எண்கள் இந்த அளவுக்குப் போனால் உடனே கூப்பிட்டுச் சொல்வது எங்கள் கடமை. டாக்டர் இளவயது மலாய்ப் பெண். பேச்சு மலாயில்தான் நடந்தது, உனக்குத் தமிழில் சொல்கிறேன். டெங்கி பரிசோதனை நெகட்டிவ் என்று மேரி சொன்னபோது, "ஐந்தாம் நாளில் நெகட்டிவ் வந்தால் டெங்கி இல்லை என்று சொல்ல முடியாது. நாளைக் காலையில் மறுபடி பார்ப்போம்" என்றார். அவர் சொன்னதும் சரிதான் அண்ணே. அதுதான் எனக்குப் பயம். சரியான பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒரு ராத்திரியை விட்டுவிடுவோமோ?

போனைக் கேட்டு வாங்கினேன். பரிசோதனைக் கூடத்து ஆளாக நான் நோயின் பெயர் சொல்லக்கூடாது. அதனால், "டாக்டர், நான் இப்போது குடும்பத்து ஆளாகப் பேசுகிறேன். இவர் செம்பனைத் தோட்டத்தில் வெறுங்கையால் பழம் பொறுக்குகிறார். ஒரு வாரமாகத் தேங்கிய தண்ணீரில் நின்றிருக்கிறார். நேற்று சாயங்காலத்திலிருந்து சிறுநீர் போகவில்லை" என்றேன்.

"தோட்டத்து வேலை என்று அவர் சொல்லவே இல்லையே. வீட்டில் இருப்பதாகச் சொன்னார்."

லீவு எழுதிக் கொடுத்தால் கூலி போய்விடுமே என்று அண்ணி பொய் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "எலிச் சிறுநீர் கலந்த தண்ணீராக இருக்கும். எலிக்காய்ச்சல்தான். முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் மருந்தை நான் போடுகிறேன், ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறேன். நீங்கள் அவரை இங்கே வரச் செய்யுங்கள்" என்றார். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அண்ணி கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தார். நான் சிரம்பான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். அந்த முக்கால் மணி நேரத்தில் உன் முகத்தைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவில் இல்லை.

இப்போது, உனக்கு நான் எழுதாமல் இருந்த காரணம். நீ காய்ச்சலோடு கிடந்த அந்தச் சனிக்கிழமை, நான் கல்லூரியில் முதல் வருடம். லீவில் வந்திருந்தேன். உன் ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டி, "நீதான படிக்கிற, என்னான்னு பாரு" என்றாய். அப்போது எனக்குப் புரிந்த ஒரே வரி பிளேட்லெட். "டெங்கிதான் அண்ணே, தண்ணி நெறைய குடிச்சிட்டுப் படு" என்றேன். பெரிய படிப்புப் படித்தவளைப் போலச் சொன்னேன். நீயும் நம்பினாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உன் நுரையீரலில் ரத்தம் கசிந்தது.

மறு வருடம் பாடத்தில் இந்த எலிக்காய்ச்சல் வந்தது. உன் தாளை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையணு, கிரியாட்டினின், எல்லாம் அதே பக்கத்தில்தான் இருந்தன. முழுதும் படித்திருந்தால் நீ இருந்திருப்பாயா? யாரிடமும் நான் கேட்டதில்லை.

அண்ணிக்கு மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்தார்கள். ஆறு நாள் அவர் பிழைப்பாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஏழாம் நாள் சிறுநீர் இறங்கியது. பத்தாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ தாளை நீட்டியது முதல்.

அண்ணி அழவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஒங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாரு" என்றார். "வேலைக்கு வரலன்னா மண்டோர் ஏசுவான், ஒரு நாளு பொறுத்துப் பாப்போம்னு நாந்தான் சொன்னேன். அத நான் யாருகிட்ட போயி சொல்ல, தேவி?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்தொன்பது வருடமாக உன் படத்துக்கு இரண்டு பேரும் தனித்தனியாக, ஆளுக்கொரு குற்றத்தோடு மாலை போட்டிருக்கிறோம் அண்ணே.

இப்போது அண்ணி என் வீட்டில் இருக்கிறார். கிரியாட்டினின் நூற்றுப் பத்துக்கு வந்துவிட்டது. தோட்டத்துக்குத் திரும்பிப் போவேன் என்று தினமும் ஒரு சண்டை.

வரும் ஞாயிறு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் என்று போனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்பேன். ஒரு எண்ணைப் பார்த்து யாராவது நோயின் பெயரைச் சொன்னால் நம்பாதீர்கள், அது நானாகவே இருந்தாலும் என்பேன். உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன். என் தப்பையும் சேர்த்தே சொல்வேன். அண்ணி முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். என் குரல் உடைந்தாலும் பாதியில் இறங்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
தேவி